காலுக்கு நட்ட சிலுவை

இதை எழுதுகிறவனுக்குச் செபாஸ்டின் அறிமுகமானது நெய்வேலியிலிருந்து வடலூர் போகிற டவுன் பஸ்ஸில். ஜன்னலோரத்தில், கைத்தடியை இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவனின் மடியில் இருந்த தடித்த புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "தம்பி பட்டம் வாங்கினவரா?" என்று கேட்டார். ஆமாம் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் என்பதையும் சேர்த்துச் சொல்லியாயிற்று.

"அப்ப ஒரு கேள்வி. ஒரு ஆளு எது வரைக்கும் அந்த ஆளு?"

"உடம்புல உசிரு இருக்கிற வரைக்கும்."

"நான் நேரத்த கேக்கல தம்பி. நீளத்த கேக்கறன்."

பேண்டை லேசாகத் தூக்கிக் காட்டினார். இடது முழங்காலுக்குக் கீழே பிளாஸ்டிக் கால். "இது இல்ல. இதுக்கு முன்னாடி இருந்தது எங்க ஊருக் கல்லறையில இருக்குது. என் பேர எழுதி சிலுவை நட்டு வச்சிருக்கு. அங்க இருக்கிறது யாரு? நானா?"

வேடிக்கைக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தால், அவர் கண்ணில் விளையாட்டு இல்லை. அன்று அவருடைய வலது ஷூவுக்குள் ஒரு விரல் கறுத்துக்கொண்டிருந்தது என்பதும், கட்டிய மனைவிக்குக்கூடச் சொல்லாமல் அதை அவர் மறைத்துக்கொண்டிருந்தார் என்பதும் பிறகுதான் தெரியவந்தது.

செபாஸ்டின் சுரங்கத்தில் பெல்ட் பிரிவில் இருந்தவர். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்துகொண்டு கண்ணுக்கெட்டாத தூரத்துக்கு ஓடுகிற ரப்பர் பெல்ட் எங்காவது கிழிந்தால், கெட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் துண்டை வைத்து, சூடேற்றி, அழுத்தி ஒட்டவேண்டும். அதுதான் வேலை. கான்ட்ராக்டில் சேர்ந்து, காதோரம் நரைத்த பிறகு பெர்மனென்ட் ஆனார். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. மகள் சோபியாவை நர்ஸிங் படிக்கவைத்துச் சென்னைக்கு அனுப்பினார். இதற்கெல்லாம் முன்னாலேயே சர்க்கரை அவரிடம் பெர்மனென்ட் ஆகியிருந்தது.

சேஃப்டி ஷூ கடித்து இடது குதிகாலில் ஒரு கொப்புளம். சர்க்கரையில் மரத்துப்போன கால் வலிக்கவில்லை என்பதால் விட்டுவிட்டார். வலித்திருந்தால் பிழைத்திருக்கும். புண் ஆழத்துக்குப் போய், கால் வீங்கி, கடைசியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். எடுத்ததை என்ன செய்வது என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோது, அவர் மனைவி லூசியம்மாள் யோசிக்கவே இல்லை.

"எங்க வூட்டு ஆளுது. ஞானஸ்நானம் வாங்கின ஒடம்பு. குப்பையில போடக் கூடாது, நாங்களே அடக்கம் பண்ணிக்கறோம்."

அவர்கள் ஊர் வளையமாதேவிக்கு அந்தப் பக்கம். தச்சர் ஒரு சின்னப் பெட்டி செய்து கொடுத்தார். ஆட்டோவிலிருந்து அந்தப் பெட்டி இறங்கியதைப் பார்த்ததும் தெருவில் இருந்த பெண்கள் ஏதோ குழந்தை என்று நினைத்து மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்கள். உள்ளே இருப்பது செபாஸ்டினின் கால் என்று லூசியம்மாள் சொன்னதும் ஒப்பாரி பாதியில் நின்றது. ஒரு கிழவி மட்டும், "ஆரம்பிச்சது ஆரம்பிச்சிட்டன், முடிச்சிக்கிறன்டி" என்று மிச்சத்தையும் பாடி முடித்தாள். இடத்தை அடையாளம் வைக்காவிட்டால் நாளைக்கு வேறொருவருக்காக யாராவது தோண்டிவிடுவார்கள் என்று ஒரு சிலுவையும் நட்டார்கள். பெயிண்டர் 'அருளப்பன் மகன் செபாஸ்டின்' என்று எழுதிவிட்டு, கீழே தேதி என்ன போடுவது என்று கேட்டார். "பேரு போதும்" என்றார் லூசியம்மாள்.

அதெல்லாம் நடக்கும்போது செபாஸ்டின் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். இல்லாத காலின் பெருவிரல் அவருக்கு அரித்துக்கொண்டிருந்தது.

நரம்புக்குப் பழக்கம் விடவில்லை, போகப்போகச் சரியாகிவிடும் என்று டாக்டரம்மா சொன்னார். செபாஸ்டின் அதை நம்பவில்லை. அரிப்பு எடுக்கும்போதெல்லாம் அவருக்கு ஊர்க் கல்லறை மண்தான் ஞாபகத்துக்கு வந்தது. "இப்ப அங்க ஏதோ மேயுது" என்பார். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொல்லுவார். லூசியம்மாள் தட்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போய்விடுவார்.

இரண்டு மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. டூல் ரூமில் உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கிற லைட் டியூட்டி கொடுத்தார்கள். பிளாஸ்டிக் காலில் நடக்கப் பழகினார். பயம் இருந்தது, ஆனால் அரிப்பு வந்தால் வரும், நின்றால் போய்விடும். அந்தப் பயத்தை நிரந்தரமாகக் குடிவைத்தது போன வருஷத்துக் கல்லறைத் திருநாள்.

வருஷா வருஷம் அன்றைக்கு ஊருக்குப் போய் அப்பா அம்மா கல்லறைக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வருவது வழக்கம். அந்த முறை ஊரில் கோயில் காரியங்களைப் பார்க்கிற உபதேசியார் புதியவர், சுறுசுறுப்பானவர். இறந்தவர்களின் பேரையெல்லாம் பூசையில் வாசித்தால் சொந்தக்காரர்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்து, முதல் நாளே கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிவந்து சிலுவைகளில் இருந்த பேர்களை எழுதி வைத்திருந்தார். கோயிலில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த செபாஸ்டின், "அருளப்பன்" என்று கேட்டதும் அப்பாவை நினைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அடுத்த பேர், "அருளப்பன் மகன் செபாஸ்டின்."

இவர்களுக்கு இளைப்பாறுதல் கொடும் என்று கோயில் முழுக்க ஒரே குரலாகச் சொல்லியது. பழக்கத்தில் செபாஸ்டினும் சொல்லிவிட்டார். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது உறைத்தது. முன்வரிசையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்து, அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

வெளியே வந்ததும் உபதேசியார் கையைப் பிசைந்துகொண்டு ஓடிவந்தார். "மன்னிச்சிடுங்கண்ணே. சிலுவையில பேரு இருந்திச்சி, ஆளு கீழ இருக்காருன்னு நெனச்சிட்டன்."

"கொஞ்சம் இருக்கறாரு" என்றார் பக்கத்தில் நின்ற ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். இனிமேல் ஆயுசு கெட்டி என்று முதுகில் தட்டினார்கள். செபாஸ்டினுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வாயாலேயே தன்னை அனுப்பிவைத்தாயிற்று என்று நினைத்தார்.

கிறிஸ்துமஸ் நெருங்கும்போது வலது காலின் சுண்டுவிரல் கறுத்தது. முதலில் மைன்ஸ் மண் என்று தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. அமுக்கிப் பார்த்தார். வலிக்கவில்லை. வலிக்காததுதான் அவரைப் பயமுறுத்தியது. அன்றிலிருந்து வீட்டுக்குள்ளும் சாக்ஸ் போட ஆரம்பித்தார்.

பங்குச் சாமியாரிடம் மட்டும் போனார். விரலைப் பற்றிச் சொல்லவில்லை. கேள்வியை மட்டும் கேட்டார்.

"சாமி, என் ஆன்மா இப்ப எங்க இருக்குது?"

சாமியார் சின்ன வயசுக்காரர். "உங்ககிட்டதான், முழுசா. அதத் துண்டு போட முடியாது."

"அப்ப கால்ல இருந்தது?"

"அதுவும் உங்ககிட்டயே இருக்கு. கால்தான் போச்சு."

"நற்கருணை அப்பத்த ஒடைச்சா ஒவ்வொரு துண்டுலயும் ஆண்டவர் முழுசா இருக்கிறாருன்னு சொல்லித் தரீங்க. ஒரு துணுக்கு கீழ விழுந்தாலும் பதறிப்போயி எடுக்கறீங்க. என் காலு மட்டும் எப்படி சாமி வெறும் துண்டாச்சி?"

"செபாஸ்டின், நீங்க ஆண்டவர் இல்ல" என்றார் சாமியார். பிறகு தூக்கம் வருகிறதா என்று கேட்டார், நல்ல டாக்டரைப் பாருங்கள் என்றார். டாக்டர் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் செபாஸ்டின் தடியை ஊன்றி எழுந்துவிட்டார்.

டூல் ரூமுக்குத் தினமும் டீ வாங்கிவருகிறவர் கொளஞ்சிநாதன். அதே பெல்ட் பிரிவில் செபாஸ்டினோடு பல வருஷம் ஒன்றாக வேலை பார்த்தவர். சொந்த ஊரின் நிலத்தைச் சுரங்கத்துக்குக் கொடுத்து வேலைக்கு வந்த குடும்பம். கோயிலில் பேர் வாசித்த கதை அவருக்குத் தெரியும்.

"அண்ணே, அந்தப் பெல்ட்ட நாம எத்தன வாட்டி வெட்டியிருப்பம்? வெட்டுன துண்டுக்கு யாருனா சிலுவை நட்டாங்களா?"

"நடல. ஆனா எங்க போச்சு அது? எவனோ கொண்டுபோயி மாட்டுக் கொட்டாயில விரிச்சிருக்கான். மாடு படுத்துகினு இருக்கிறது பெல்ட்டு மேலயா, இல்லியா?"

"பெல்ட்டுத் துண்டு மேல."

"அங்க ஓடிகினு இருக்கிறதும் துண்டுங்கதானய்யா. எல்லாம் நீயும் நானும் ஒட்டுனது. அது மட்டும் எப்படி பெல்ட்டு?"

"அது வேல செய்யுதுண்ணே."

"அப்ப டூல் ரூம்ல குந்திகினு இருக்கிற நான் யாரு?"

கொளஞ்சிநாதன் கிளாஸைக் கீழே வைத்தார். "உன்னாண்ட வாயக் குடுத்தா டீ ஆறிப்போவுது" என்றார்.

சுரங்கம் ஒரு நாள் அந்தக் கல்லறைப் பக்கமும் திரும்பலாம் என்று டீக்கடையில் எவனோ பேசியதும் செபாஸ்டின் காதில் விழுந்தது. வெறும் பேச்சுத்தான். ஆனால் பெல்ட்டில் என்னென்ன வரும் என்று அவருக்குத் தெரியும். மண்ணோடு வேர்க்கட்டை வரும், பானை ஓடு வரும், ஒருமுறை அம்மிக்கல் வந்தது. அவற்றுக்கு நடுவே தன் கால் தனியாக, யாருக்கும் தெரியாமல், விரல்கள் மேலே பார்த்தபடி வந்துகொண்டிருப்பதைப் பகலிலேயே கண்ணைத் திறந்துகொண்டு பார்த்தார்.

சாக்ஸ் காட்டிக்கொடுத்தது. துவைக்க எடுத்த லூசியம்மாளுக்கு வாசனை தெரிந்துவிட்டது. இடது கால் போவதற்கு முன்பு அதே வாசனைக்குத்தான் வீடு முழுக்க ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"கால நீட்டுங்க."

"ஒன்னும் இல்லடி."

"நீட்டுங்கன்றன்."

பார்த்தார். அழவில்லை. ஆட்டோ கூப்பிட்டார். டாக்டரம்மா விரலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் சொன்னார்: "இப்ப எடுத்தா விரலோட போயிடும். தள்ளிப் போட்டா எது வரைக்கும்னு என்னால சொல்ல முடியாது. அப்புறம் உயிருக்கே வந்துடும்."

"வேணாம்" என்றார் செபாஸ்டின்.

வீட்டுக்கு வந்தும் அதையேதான் சொன்னார். சோபியா போனில் அழுதாள், அதட்டினாள். எதுவும் எடுபடவில்லை. கொளஞ்சிநாதனை வரவழைத்தார் லூசியம்மாள். செபாஸ்டின் கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினார்.

"ஒரு காலு போனதுக்கே கோயில்ல பேரு வாசிச்சிட்டாங்க. இப்ப இதுவும் போவும். அப்புறம் இன்னும் கொஞ்சம். அங்க ஏறிகினே போவும், இங்க எறங்கிகினே போவும். எந்தப் பக்கம் கனமோ அந்தப் பக்கம்தான் ஆளு. எந்த வெட்டுல நான் அந்தப் பக்கம் சாயறன்னு யாருக்காவது தெரியுமா?"

"அதுக்கு என்னாண்ணே பண்ணனும்ன்ற?"

"அத எடுத்துகினு வந்துடணும். எல்லாம் ஒரே எடத்துல இருந்தா, அதுக்கப்புறம் என்ன வேணும்னாலும் வெட்டிக்கட்டும்."

"எடுத்துகினு வந்து எங்க வைப்பீங்க?" என்றார் லூசியம்மாள். "பீரோவிலயா?"

யாரும் சிரிக்கவில்லை. லூசியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி. போயி தோண்டிப் பாருங்க. ஆனா வேற ஒன்னும் கேக்க மாட்டன், அங்கேருந்து நேரா ஆஸ்பத்திரிக்கு வரணும்." செபாஸ்டின் வாக்குக் கொடுக்கவில்லை.

மறுநாள் காலையிலேயே கொளஞ்சிநாதன் ஆட்டோ ஏற்பாடு செய்தார். வழியில் சுரங்கக் கரை தெரிந்த இடத்தில் ஒரு பக்கம் கை காட்டினார். "அதோ அந்தப் பள்ளத்துலதான் எங்க வூடு."

"உங்க ஊரு இப்ப எங்க இருக்குது?"

"ஆளுக்கு ஒரு பக்கமா. ஆடி மாசம் கூழு ஊத்தறதுக்கு எல்லாம் ஒன்னா கூடறம் பாரு, அன்னிக்கு இருக்குது. மறுநாளு இல்ல."

கொளஞ்சிநாதன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரு நாள் இருந்து மறுநாள் இல்லாமல் போகக்கூடியது என்று இன்னொன்றையும் செபாஸ்டின் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

உபதேசியார் குற்ற உணர்ச்சியில் உடனே சரி என்றார். ஆள் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் ஒரு முந்திரி மரத்தைத் தவிர நிழல் இல்லை. தன் பேர் எழுதிய சிலுவைக்கு எதிரே செபாஸ்டின் தடியை ஊன்றி நின்றார். கொளஞ்சிநாதன் சிலுவையை அசைத்து எடுத்து ஓரமாகச் சாய்த்துவிட்டு மண்வெட்டியைப் போட்டார்.

ஆழம் அதிகம் இல்லை. பெட்டியைக் கரையான் தின்றிருந்தது. லூசியம்மாள் சுற்றிவிட்ட பாலியஸ்டர் துணி மட்டும் மக்காமல் கிடந்தது. அதைக் கொளஞ்சிநாதன் குச்சியால் விலக்கினார். இரண்டு நீள எலும்பு, கொஞ்சம் சில்லறை எலும்பு. அவ்வளவுதான்.

செபாஸ்டின் குனிந்து பார்த்தார். ஏதாவது ஒன்று தன்னை இழுக்கும், மயக்கம் வரும், உள்ளே இருப்பது தன்னை அடையாளம் கண்டுகொள்ளும் என்று பயந்துகொண்டே வந்திருந்தார். ஒன்றும் நடக்கவில்லை. யாருடைய காலோ போல இருந்தது. அப்போது பார்த்து அரிப்பு எடுத்தது.

"ஐயோ" என்று கத்தினார்.

"என்னாண்ணே?"

"அரிக்குதுய்யா. பெருவிரலு."

கொளஞ்சிநாதன் குழியைப் பார்த்தார். எறும்புகூட இல்லை. "இதுலயா?"

"அதான் தெரியல. நீ சொறி."

"எத?"

"அதத்தான்! சீக்கிரம் சொறிய்யா!"

கொளஞ்சிநாதன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குச்சி நுனியால் ஒரு சின்ன எலும்பைச் சுரண்டினார். "நின்னுச்சா?"

"இல்ல."

"இது பெருவிரலு இல்லியோ என்னமோ." அடுத்ததைச் சுரண்டினார். அதற்கடுத்ததை. சில்லறை எலும்பு ஒவ்வொன்றையும், பிறகு நீள எலும்பு இரண்டையும் மேலிருந்து கீழ் வரைக்கும் சுரண்டினார். ஒவ்வொரு தடவையும் நிமிர்ந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் செபாஸ்டின் இல்லை என்று தலையை ஆட்டினார். அரிப்பு நிற்கவில்லை. செபாஸ்டின் தடியை விட்டுவிட்டுக் கையைக் கீழே கொண்டுபோனார். பிளாஸ்டிக் காலில் மாட்டியிருந்த ஷூவின் முனையைப் பிடித்தார். விழப்போனவரைக் கொளஞ்சிநாதன் தாங்கிக்கொண்டார்.

"இங்கதான் அரிக்குது கொளஞ்சி. அங்க இல்ல."

"அங்க வெறும் எலும்புண்ணே."

"அப்ப அரிக்கிறது யாரு?"

"நீதான். கத்தறவன் மேல நிக்கறான். உள்ள இருக்கிறது கம்முனு கெடக்குது."

"வெரலே இல்லாத எடத்துல நான் எப்படிய்யா இருப்பன்?"

"அதெல்லாம் எனக்கு என்னா தெரியும். இருக்கிறியே."

செபாஸ்டினுக்கு நிம்மதி வந்திருக்கவேண்டும். வந்தது வேறு. இத்தனை நாளும் சாவில் ஒரு பங்கை முன்கூட்டியே கட்டிவிட்டதாகவும், மிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னாலேயே போகும் என்றும்தான் பயந்திருந்தார். இப்போது குழிக்குள் பார்த்தால் அவர் அங்கே கொஞ்சம்கூட இல்லை. எதுவும் இன்னும் போகவில்லை. சாகவேண்டியது முழுசாக, துளி குறையாமல், இந்த வெயிலில் ஒரு கறுத்த விரலோடு நின்றுகொண்டிருக்கிறது. முன்பு இருந்த பயம் இதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது.

"மூடு" என்றார். "சீக்கிரம் மூடு. ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

"எடுத்துகினு போவலியா?"

"அத எடுத்துகினு போயி என்னா பண்றது? மூடுய்யா, நேரமாவுது!"

அவ்வளவு அவசரப்பட்டும் கொஞ்சம் பிந்திவிட்டது. விரலோடு போகவில்லை. பாதத்தின் முன்பாதியை எடுக்கவேண்டியிருந்தது. மயக்க மருந்து கொடுக்கும் வரைக்கும் லூசியம்மாளின் மணிக்கட்டை அவர் விடவில்லை. பிடித்த இடம் பிறகு நீலமாகக் கன்றியிருந்தது.

செபாஸ்டின் இப்போது வேலையில் இல்லை. குவார்ட்டர்ஸைக் காலிசெய்துவிட்டு வடலூரில் வாடகை வீட்டில் லூசியம்மாளோடு இருக்கிறார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல் வரைக்கும் நடப்பார். புண் ஆறிவிட்டது. தினமும் காலையில் லூசியம்மாள் கண்ணாடியைத் தரையில் வைத்து அவர் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறார். லூசியம்மாள் பார்த்து முடித்து ஒன்றும் இல்லை என்று சொல்லும் வரைக்கும் செபாஸ்டின் கண்ணைத் திறப்பதில்லை.